எழுத்து வசப்படாத பிள்ளைக்கு ஒரு செயலி

"பிள்ளை கெட்டிக்காரன்தான், சேர். கேட்ட கதையை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லுவான். கணக்கையும் வாயாற் கேட்டால் வாயாலேயே செய்துவிடுவான். புத்தகத்தை விரித்தால் மட்டும் கல்லாய்ச் சமைந்து போகிறான்." கல்முனைக்குடியிலே ஆசிரியத் தொழில் பார்ப்போர் இம்முறைப்பாட்டைக் கேளாத வருடம் இல்லை எனலாம். முறையிடுபவர் பெரும்பாலும் தாய்மாரே. முன்னாளில் அவர்களது அடுத்த கேள்வி, "எந்த மாஸ்டரிடம் ரியூஷனுக்கு விடலாம்?" என்பதாக இருந்தது. இன்று, "இதற்கு ஏதாவது செயலி இருக்கிறதா?" என்று கைத்தொலைபேசியைக் காட்டிக் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. இவ்வாரம் அதனையே ஆராய எண்ணுகிறேன்.

முதலில் நோயா குணமா என்ற ஐயத்தைத் தீர்த்துக் கொள்வோம். கண்ணும் காதும் பழுதின்றி, புத்தியும் கூர்மையாக இருந்தும், எழுத்தை ஓசையோடு இணைப்பதில் மட்டும் ஒரு பிள்ளை இடர்ப்படுமாயின், அந்நிலையை அறிஞர் டிஸ்லெக்சியா என்று வழங்குவர். 1887ஆம் ஆண்டில் ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர் இப்பெயரை நூலேற்றினார். அவர் கண்டது மூளை பழுதுற்ற முதியவர்களை. பிள்ளைகளிடத்தும் இது பிறவியிலேயே அமையக்கூடும் என்று 1896இல் எழுதியவர் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கிலேய வைத்தியர். அவர் பரிசோதித்த சிறுவனுக்கு வயது 14, பெயர் பெர்சி. தன் பெயரை எழுதும்போதே எழுத்துக்களை இடம் மாற்றிப் 'பிரெசி' என்று எழுதினானாம். அதே சிறுவன் 749ஐ 867ஆற் பெருக்கி விரைவிலே சரியான விடை கூறினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளிக்கூடத்திலேயே மிகக் கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் அபிப்பிராயம் தெரிவித்ததாகவும் வைத்தியர் குறித்திருக்கிறார்.

நூற்றுக்கு 5 முதல் 10 வரையான பிள்ளைகளுக்கு இவ்விடர் ஏதோ ஓரளவில் உண்டு என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. நாற்பது பேர் கொண்ட வகுப்பிலே இருவர் முதல் நால்வர். அவர்களை நாம் அறிவோம். பெயர்தான் வேறு இட்டிருக்கிறோம். மக்கு, சோம்பேறி, விளையாட்டுப் புத்தி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வரும்போது இப்பெயர்கள் பிள்ளையின் உடம்போடு ஒட்டிவிடுகின்றன. வினாத்தாளை வாசிக்க முடியாதவனுக்கு விடை தெரிந்திருந்தும் பயன் யாது? அதன் பின்னர் பள்ளிக்கூடம் அவனுக்குக் கசக்கிறது. கடற்கரையோ கடையோ அவனை ஏற்றுக்கொள்கிறது. அவை இழிவான தொழில்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விரும்பிப் போவது வேறு, துரத்தப்பட்டுப் போவது வேறு.

கல்முனைக்குடிப் பிள்ளையின் நிலை இன்னும் ஒருபடி சிக்கலானது. சிறு வயதிலேயே நான்கு வகை எழுத்துக்கள் அதன் முன்னே வந்து நிற்கின்றன. காலையிற் பள்ளிக்கூடத்திலே தமிழ், அதனோடு ஆங்கிலம், சில ஆண்டுகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம், மாலையிற் குர்ஆன் மத்ரசாவிலே அறபு. தமிழ் இடமிருந்து வலமாக ஓடுகிறது. அறபு வலமிருந்து இடமாக ஓடுகிறது. தமிழிலே ஒரு புள்ளி தலைமேல் ஏறினால் அந்த எழுத்து தன் உயிரை இழந்து மெய்யாகிறது. அறபிலே புள்ளி எத்தனை, மேலா கீழா என்பதைக் கொண்டே பா, தா, ஸா என்ற எழுத்துக்கள் வேறுபடுகின்றன. ஒரே புள்ளிக்கு இரண்டு சட்டங்கள்! பெரும்பாலான பிள்ளைகள் இதனைக் கடந்துவிடுகின்றனர் என்பது பிள்ளை மூளையின் அற்புதம். கடக்க இயலாத சிலரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓதுவது செவியாலும் நாவாலும் பயிலும் கல்வி. உஸ்தாத் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லிச் சொல்லி நெஞ்சிற் பதிப்பது. செவி கூர்மையான பிள்ளை அங்கே ஒளி வீசும். அத்தியாயம் அத்தியாயமாக மனனம் செய்துவிடும். பக்கத்திலுள்ள எழுத்தை அது வாசித்ததா, நினைவிலிருந்து சொன்னதா என்று கேட்பவருக்குத் தெரியாது. "அங்கே நன்றாக ஓதுகிறான், பள்ளிக்கூடத்திலே மட்டும் வாசிக்க மாட்டேன் என்கிறான், பிடிவாதந்தான்" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். பெர்சியின் ஆசிரியர் கண்டதும் இதுவே அன்றோ? செவிவழிக் கல்வியிலே மின்னும் பிள்ளை எழுத்தின் முன்னே தடுமாறுவது பிடிவாதத்தின் அடையாளமன்று. வைத்தியரிடம் கண்ணையும் காதையும் சோதித்தபின், இவ்விடர் இருக்குமோ என்று பார்க்கத் தூண்டும் அடையாளம் அது.

இனிச் செயலிக்கு வருவோம். தமிழ் வழங்கும் நிலத்திலே இத்துறையில் முன்கை எடுத்தது சென்னை. அங்கே 1990களின் தொடக்கத்திலிருந்து பணியாற்றிவரும் மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம், ஆசிரியர்களைப் பயிற்றுவதோடு நில்லாமல், 'அவாஸ்' நிறுவனத்தாருடன் சேர்ந்து வாசிப்புச் செயலி ஒன்றையும் உருவாக்கியது. இந்நிறுவனத்தின் பின்னுள்ள அஜித் நாராயணன் சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்ற பொறியியலாளர். பேச முடியாத பிள்ளைகள் படங்களைத் தொட்டுப் பேசுவதற்கான கருவியை முன்னரே அமைத்துப் புகழ் பெற்றவர். அவர்கள் ஆக்கிய வாசிப்புச் செயலி, புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்து, அதிலுள்ள எழுத்தைப் பிள்ளைக்கு உகந்த வடிவிலே திரையில் விரிக்கிறது. சொல் தடுக்குமிடத்திலே சொல்லைத் துண்டாக்கிக் காட்டியும், ஓசை ஒத்த வேறு சொல்லை நினைவூட்டியும் கைகொடுக்கிறது. விடையை வாயில் ஊட்டாமல் குறிப்புத் தந்து காத்திருக்கும் இந்த முறை நல்ல ஆசிரியரின் முறையே.

எனினும் இச்செயலி ஆங்கில வாசிப்பை மனத்திற் கொண்டு அமைந்தது. இதனை அப்படியே தமிழாக்கித் தந்தால் நம் பிள்ளைக்குப் போதும் என்று எவரேனும் எண்ணுவாராயின், அவரோடு நான் உடன்படேன். மொழி மாறும்போது வாசிப்பின் இடரும் மாறுகிறது. ஆங்கிலத்தின் எழுத்து 26தான். ஆனால் எந்த எழுத்து எங்கே எவ்வாறு ஒலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பின்லாந்து மொழி இதற்கு நேர்மாறு. எழுத்துக்கு ஓசை ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. அதனாலேயே அந்நாட்டின் யிவாஸ்கிலா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெய்க்கி லியூட்டினென் குழுவினர் அமைத்த 'கிராபோகேம்' என்னும் விளையாட்டு, ஓசையைக் கேட்டு அதற்குரிய எழுத்தைத் தெரிவு செய் என்ற ஒரே ஏவலோடு தொடங்க முடிந்தது.

தமிழ் இவ்விரண்டிலும் சேராது. எழுத்து 247 என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மலை. நமக்கு அண்மையான கன்னடத்தை எடுத்துப் பெங்களூர் ஆய்வாளர் சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஆங்கிலப் பிள்ளை ஓரிரு ஆண்டில் முடிக்கும் எழுத்துப் பயிற்சியைக் கன்னடப் பிள்ளை நான்காம் வகுப்பை எட்டியும் முடிப்பதில்லை என்று கண்டார். உயிரும் மெய்யும் கூடிப் பிறக்கும் எழுத்துக்களின் தொகையே காரணம். ஆகவே நம் பிள்ளை தாமதிப்பதைக் கண்டவுடனே டிஸ்லெக்சியா என்று முத்திரை குத்துவதும் தவறு. தாமதம் இயல்பென்று ஐந்தாம் தரம் வரை வாளாவிருப்பதும் தவறு. தன் வகுப்புத் தோழரோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும்.

தமிழெழுத்தின் இடர் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 'கெ' என்று எழுதும்போது கண் முதலிற் காண்பது கொம்பு; வாய் முதலிற் சொல்வது ககரம். கண்ணும் வாயும் எதிர்த்திசையில் நடக்கின்றன. 'கொ' என்பதிலோ உயிர்க்குறி இருபுறமும் நின்று மெய்யை அணைத்துக் கொள்கிறது. 'கௌ' என்பதன் வாலைத் தனி ளகரத்திலிருந்து பிரித்தறிவது பெரியவர்களுக்கே கடினம். உகர வரிசை எல்லாவற்றிலும் பொல்லாதது: கு, சு, து, மு, ரு என்று மெய்க்கு மெய் குறி வேறுபடுகிறது, கூ, சூ, தூ என நெடிலாகும்போதும் அப்படியே. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து, ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துக்களை ஒழுங்குக்குக் கொண்டு வந்தது. பழைய வடிவங்களின் அழகை நினைத்து இன்றும் வருந்துவோர் உளர். இடர்ப்படும் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அது பெரும் உபகாரம். ஆனால் உகர, ஊகார வரிசைகளை அச்சீர்திருத்தம் தொடவில்லை.

இவை அனைத்தும் செயலி அமைப்போர் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். கணினியின் உள்ளே 'கொ' என்பது மெய் முதலாகவும் குறி பின்னாகவும் வைக்கப்படுகிறது. திரையிலே குறி இருபுறமும் பிரிந்து தோன்றுகிறது. ஆங்கிலச் செயலியின் வழக்கப்படி எழுத்துக்களை ஒவ்வொன்றாக நிறமேற்றிக் கொண்டு போனாலோ, இடையே வெளி விட்டுப் பரப்பினாலோ, கவனமற்ற அமைப்பிலே கொம்பு ஓரிடத்திலும் ககரம் ஓரிடத்திலுமாகச் சிதறிவிடும். அந்தச் சிதறலை வாசிக்கச் சொன்னால் நானே திணறுவேன். உயிர்மெய் முழுவதும் ஒரே அலகாக ஒளிர வேண்டும்; ஒரே அலகாக ஒலிக்க வேண்டும். அதனைத் தொட்டுப் பிடித்தால் மட்டும் க் என்றும் ஒ என்றும் பிரிந்து, விட்டவுடன் மீண்டும் கூட வேண்டும்.

முதற் பாடம் எதுவாக இருக்கலாம்? அ, ஆ, இ, ஈ என்று அணி வகுப்பதே மரபு. இடர்ப்படும் பிள்ளைக்கு அணிவகுப்பைக் காட்டிலும் பயன்படுவது சொல். இவ்வூர்ப் பிள்ளையின் வீட்டுச் சொற்கள் நான்கினை எடுத்துக் கொள்ளுங்கள்: வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா. இந்நான்குக்கும் வேண்டியவை 11 எழுத்துக்களே. உயிர் ஒன்று; புள்ளி வைத்த மெய் நான்கு; கால் போட்ட ஆகார எழுத்து ஆறு. கொம்பும் இல்லை, சுழிக் கணக்கும் இல்லை, உகரக் குழப்பமும் இல்லை. புள்ளி எழுத்து நடுவில் நிற்க, முடிவில் ஒரு நெடில் வருவது நான்கிற்கும் பொது. இதே எழுத்துக்களாலே மாமா, தாத்தா, பாப்பா, வா, தா என்பனவும் அமைகின்றன. "வாப்பா, வா. ராத்தா, தா." முதல் வாரத்திலேயே பிள்ளை வாக்கியம் வாசித்துவிடும்! இவற்றுக்குப் பதிலாகத் தந்தை, சகோதரி என்று தொடங்கினால் ஐகாரமும் ஓகாரமும் குற்றியலிகரம்போல் வந்து மிரட்டும். போதாக்குறைக்கு அச்சொற்களை வீட்டிலே எவரும் சொல்லிப் பிள்ளை கேட்டிருக்காது.

அயலூரில் ஆக்கிய செயலியை இங்கே இறக்குமதி செய்வதிலுள்ள இக்கட்டும் இவ்விடத்தில் விளங்கும். சென்னையில் அமைத்த செயலியிலே 'காக்கா' என்ற சொல்லுக்கு நேரே கறுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். கல்முனைக்குடிப் பிள்ளைக்குக் காக்கா என்பவர் மூத்த சகோதரர். சிரிப்புக்கிடமான செய்திதான், ஆயினும் எழுத்தோடு ஏற்கனவே போராடும் பிள்ளை, தான் சரியாக வாசித்த சொல்லையே பிழையென்று ஐயுற்றுப் பின்வாங்குமாயின் அது சிரிப்பன்று. குரலும் அவ்வாறே. செயலியிலிருந்து ஒலிப்பது இக்கரையோரத்துக் குரலாயிருத்தல் வேண்டும். பேச்சுத் தமிழிலிருந்து ஏட்டுத் தமிழுக்குப் போகும் வழி தமிழ்ப் பிள்ளை யாவர்க்கும் தொலைவானது. வேற்றூர் ஒலியும் சேர்ந்து அதனை இன்னும் நீட்ட வேண்டாம்.

ஓசை ஒற்றுமை காட்டும் வழியிலும் நாம் நம் மரபைப் பின்பற்றலாம். ஆங்கிலத்திலே பூனை, தொப்பி, பாய் என்பவற்றுக்குரிய சிறு சொற்கள் மூன்றும் ஈற்றோசையால் ஒரு குடும்பமாகின்றன. அவர்களுடைய செயலிகள் அதனைப் பற்றிக்கொண்டு நடக்கின்றன. தமிழ்ச் செவிக்கு இனிப்பது எதுகை. பட்டம், வட்டம், சட்டம், கட்டம், மட்டம். முதலெழுத்து ஒன்றே மாறுகிறது. எஞ்சியதை ஒருமுறை அறிந்தாற் போதும். இப்படி ஐந்து சொற்களை ஒரு குடும்பமாகக் கட்டித் தந்தால், ஒரு சொல்லின் உழைப்பிலே பிள்ளை ஐந்தைப் பெறுகிறது. யாப்பிலக்கணம் பரீட்சைக்கு மட்டுமே உதவும் என்று சலித்துக்கொள்ளும் என் மாணாக்கர் இதனைக் கவனிப்பார்களாக.

சிலர் விசேட எழுத்துருவைப் பற்றிக் கேட்கின்றனர். கிறிஸ்டியன் போயர் என்னும் ஒல்லாந்தர் 2008இல் டிஸ்லெக்சியா உள்ளோருக்கென்றே ஆங்கில எழுத்துக்களின் அடிப்பாகத்தைத் தடிப்பாக்கி ஓர் எழுத்துரு அமைத்தார். பெரும் விளம்பரம் பெற்றது. 2016இல் ஆஸ்திரேலியாவிலே சோதித்துப் பார்த்தபோது, அதனால் விளைந்த சிறு நன்மைக்கும் காரணம் எழுத்தின் வடிவமன்று, எழுத்துக்களுக்கிடையே இருந்த கூடுதல் வெளியே என்று தெரிந்தது. அதற்கு முன்னரே 2012இல் இத்தாலி, பிரான்சு நாடுகளின் பிள்ளைகள் 74 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியும் இதையே காட்டியிருந்தது: எழுத்துக்களை அகல விட்டு அச்சிட்டபோது பிள்ளைகள் விரைவாகவும் மிகக் குறைந்த பிழையோடும் வாசித்தனர். ஆகவே புதிய எழுத்துருவுக்குப் பணம் செலவிட வேண்டா. பெரிய எழுத்து, நிறைந்த இடைவெளி, திரைக்கு ஒரு வரி. இவை போதும்.

விரலாற் பழகுவதைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 1930களிலே சாமுவேல் ஓர்ட்டன், அன்னா கில்லிங்ஹம் என்போர் கண்ணும் செவியும் கையும் ஒருங்கே தொழிற்பட எழுத்துக் கற்பிக்கும் முறையை வகுத்தனர். அம்முறையைப் பின்பற்றுவோர் இன்று தட்டிலே மணலைப் பரப்பி எழுதச் செய்கின்றனர். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே வேறு என்ன செய்தார்கள்? செயலியின் கண்ணாடித் திரையிலும் விரலால் எழுதலாம். ஆயினும் கண்ணாடி வழுக்கும், மணல் எதிர்த்து நிற்கும். எழுத்தின் வளைவை விரல் உணர்வது அந்த எதிர்ப்பிலேதான். செயலியில் அன்று கற்ற மூன்று எழுத்துக்களை அந்தியிலே கடற்கரைக்குப் போய் மணலிற் பெரிதாக எழுதிப் பார்க்கட்டும். அலை வந்து அழித்தால் மறுபடி எழுதுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

வேண்டாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கூடு வைத்து விரட்டும் செயலி வேண்டா. விரைவு பின்னரே வரும். முதலாமவன், இரண்டாமவன் என்ற பட்டியல் வேண்டா. அது பள்ளிக்கூடத்திலேயே நிறைய உண்டு. பிழைவிட்டால் உரக்கக் கத்தும் ஒலி வேண்டவே வேண்டா. கைத்தொலைபேசி ஒன்றே உள்ள வீட்டிலே தம்பி தங்கையர் சுற்றி நிற்பார்கள். அந்த ஒலி பிள்ளையின் தோல்வியைத் தெருவுக்கே பறைசாற்றும். இணையம் இன்றியும் இயங்க வேண்டும், விளம்பரம் குறுக்கிடலாகாது.

இத்தனையும் அமைந்த செயலி கிடைத்துவிட்டால், அதனைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விடலாமா? இல்லை என்கிறது கிராபோகேமின் அனுபவம். அவ்விளையாட்டைப் பற்றிப் பல நாடுகளிலும் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2020இல் நோர்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் குழுவினர் நிறுத்துப் பார்த்தனர். சராசரியாக நோக்கின், சொல் வாசிப்பிலே அதனால் விளைந்த பயன் ஏறக்குறையச் சுழியம்! ஆனால் பெரியவர் ஒருவர் அருகிலிருந்து, பேசி, ஊக்கி நடத்திய இடங்களிலே மட்டும் நல்ல பயன் தெரிந்தது. கருவி ஒன்றேதான், பக்கத்தில் இருந்தவராலேயே வேறுபாடு விளைந்தது. செயலி அமைப்போர் இதனை ஒரு குறையாகக் கருதாமல் அமைப்பிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளை தொடுவதற்கு ஒரு பொத்தான் இருப்பதுபோல, உம்மா தொடுவதற்கும் ஒன்று இருக்கட்டும். அன்று எந்த எழுத்திலே பிள்ளை தயங்கியது, நாளை எதனைத் திருப்பிப் பார்க்கலாம் என்பதை இரண்டு வரியில் அது அவருக்குச் சொல்லட்டும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். மஃரிபுக்கு முன்னரோ பின்னரோ, வீட்டின் ஒழுங்குக்கு ஏற்றபடி.

வாப்பா வளைகுடா நாட்டிலே உழைக்கும் வீடுகள் இங்கே எத்தனையோ உள்ளன. அவர் அங்கிருந்தே அந்த முதற் பாடத்துச் சொற்களைத் தம் வாயாற் சொல்லி ஒலிப்பதிவு செய்து அனுப்பலாம். பிள்ளை 'வாப்பா' என்ற சொல்லைத் தட்டுத்தடுமாறி வாசித்துத் தொட்டவுடன் அவருடைய குரலே கேட்கும்படி ஒரு செயலியை அமைப்பது, ஒலுவிற் பல்கலைக்கழகத்திலே கணினி பயிலும் நம் இளைஞருக்கு ஒரு தவணை வேலைதான்.